நுழைவுப்படியின் வரலாறு: சென்னை அலுவலகப் பணியில் தட்டச்சுச் சான்றிதழ் முதல் செயற்கை நுண்ணறிவு வரை

ஆய்வுச் சுருக்கம்

சென்னை கோபாலபுரத்தையும் அதனைச் சூழ்ந்த இராயப்பேட்டை, தேனாம்பேட்டை, மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதிகளையும் களமாகக் கொண்டு, அலுவலக எழுத்துப் பணிக்குள் பொறிகள் நுழைந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தட்டச்சுப் பொறி, வங்கிக் கணக்குப் பொறி, கணினி, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றின் வருகை ஒரே தொடர்ச்சியாக நோக்கப்படுகிறது. பணியிலிருந்தோர் ஒப்பந்தங்களாலும் பணிவிதிகளாலும் பெரிதும் காக்கப்பட்டனர் என்பதும், மாற்றத்தின் சுமை பணிக்குள் நுழையக் காத்திருந்த இளையோர் மீதே விழுந்தது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தட்டச்சு, சுருக்கெழுத்து, கோபாலபுரம், வங்கிக் கணினிமயம், தமிழ்நெட் 99, பணியமர்த்தம், செயற்கை நுண்ணறிவு

முன்னுரை

புதிய பொறி ஒன்று அலுவலகத்துக்குள் வரும்போது எழும் முதல் கேள்வி, எத்தனை பேர் வேலையிழப்பர் என்பதாகவே இருந்து வந்துள்ளது. 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர் கேட்டதும் இதுவே. 1980களில் வங்கி ஊழியர் கேட்டதும் இதுவே. பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் பணியாளர் இன்று கேட்பதும் இதுவே. இக்கேள்விக்கு நம் நாட்டு அலுவலக வரலாறு தரும் விடை ஓரளவு வியப்பளிப்பது. அரசு, வங்கி, காப்பீடு ஆகிய துறைகளில் பொறியின் பொருட்டு நேரடியாக வெளியேற்றப்பட்டோர் மிகச் சிலரே. ஆயினும் அத்துறைகளில் எழுத்தர் பணி சுருங்கியது உண்மை. இவ்விரண்டும் ஒருங்கே எவ்வாறு இயலும்? ஓய்வுபெற்றோரின் இடங்கள் நிரப்பப்படவில்லை, புதியோர் அழைக்கப்படவில்லை. வேலையை இழந்தவருக்குப் பெயர் உண்டு, சங்கம் உண்டு, வழக்கு உண்டு. வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஆகவே, பொறிகளின் வரலாற்றைப் பணியிலிருந்தோரின் பக்கத்திலிருந்து எழுதுவதைக் காட்டிலும் வாயிலில் நின்றோரின் பக்கத்திலிருந்து எழுதுவதே பொருத்தம் என இக்கட்டுரை கருதுகிறது.

கோபாலபுரத்தைச் சூழ்ந்த அலுவலக உலகம்

கோபாலபுரம் ஒரு குடியிருப்புப் பகுதி. தொழிற்சாலையோ பெருஞ்சந்தையோ அதன் அடையாளம் அன்று. அதன் தெருக்களுக்கு அரசியல் வரலாற்றில் இடமுண்டு. ஐந்து முறை முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதியின் இல்லம் அங்கே நான்காம் தெருவில் உள்ளது. இங்கு நோக்கத்தக்கது வேறொன்று. கோபாலபுரத்தை நடுவாக வைத்து நடந்து செல்லும் தொலைவிலோ சில பேருந்து நிறுத்தங்களின் தொலைவிலோ வட்டம் வரைந்தால், இருபதாம் நூற்றாண்டுச் சென்னையின் எழுத்தர் உலகம் பெரும்பாலும் அதனுள் அடங்கிவிடும். முன்பு லாயிட்ஸ் சாலை எனப்பட்ட அவ்வை சண்முகம் சாலையில் இந்தியன் வங்கியின் நிர்வாக அலுவலகம் உள்ளது. ஆர்பத்நட் நிறுவனம் 1906இல் முறிந்து மக்களின் சேமிப்பு அழிந்தபின், மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907இல் தொடங்கப்பட்ட வங்கி அது, 1969இல் நாட்டுடைமையானது. தேனாம்பேட்டையில் மாநிலக் கணக்காயர் அலுவலகம். மக்கள் வழக்கில் ‘ஏஜிஸ் ஆபீஸ்’. அண்ணா சாலையில் 1959இல் திறக்கப்பட்ட ஆயுள் காப்பீட்டுக் கழகக் கட்டடம், நெடுங்காலம் நகரின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது. தியாகராய நகரில் சுருக்கெழுத்தாளர் கழகம். ‘ஸ்டெனோகிராபர்ஸ் கில்ட்’ என்னும் பெயரால் ஒரு தெருவே ‘கில்டு தெரு’ என வழங்குமளவு நிலைபெற்ற நிறுவனம்.

இவ்வலுவலகங்களுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் இடையே பாலமாக நின்றவை தட்டச்சுப் பயிலகங்கள். மயிலாப்பூர், இராயப்பேட்டை, தியாகராய நகர் ஆகிய இடங்களில் மாடிப்படியேறிச் செல்லும் ஒற்றை அறைகளில் அவை இயங்கின. பள்ளியிறுதித் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் ‘டைப்’ பயிலச் சேர்வது ஒரு தலைமுறையின் வழக்கம். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஒருமணிநேர ‘பேட்ச்’, எண்ணெய் மணம், நாடா மாற்றும்போது விரலில் படியும் கருநீல மை ஆகியவை அத்தலைமுறையினரின் பொது நினைவில் உள்ளன. குறைந்த கட்டணத்தில், கல்லூரிக்குச் செல்லாமலே அலுவலகத்துக்குத் தகுதி பெறும் வழியாக அது இருந்தது. கல்லூரிக்குச் செல்ல வீட்டில் இசைவு கிடைக்காத பெண்களுக்கும் பயிலகத்துக்குச் செல்ல இசைவு கிடைத்தது என்பது இதன் சமூகப் பயன்களுள் முதன்மையானது. இந்தியச் சமூகவியலார் பல்கலைக்கழகங்களைப் பற்றி எழுதிய அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இப்பயிலகங்களைப் பற்றி எழுதவில்லை என்பது இக்கட்டுரையாளரின் குறை.

தமிழ்த் தட்டச்சுப் பொறியும் சான்றிதழும்

ஆங்கிலத் தட்டச்சுப் பொறி 1870களில் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனத்தால் வணிகப் பொருளானது. அலுவலகங்கள் ஆங்கிலத்தில் இயங்கிய சென்னை மாகாணத்துக்கு அது எளிதில் பொருந்தியது. தமிழுக்கு இருந்த தடை எழுத்துகளின் எண்ணிக்கை. 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளில் அடக்குவது எங்ஙனம்? யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய ஆர். முத்தையா இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டார். உயிர்மெய் எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்து, சில குறிகளுக்கு ‘நகரா விசை’ அமைத்தார். அவ்விசையை அழுத்தினால் குறி பதியும், தாளுருளை நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். ஜெர்மனியின் சைடல் அண்டு நௌமன் நிறுவனம் இவருடைய வடிவமைப்பில் பொறிகளை உருவாக்கியது. பின்னர் ரெமிங்டன் முதலிய நிறுவனங்களும் தமிழ்ப் பொறிகளைச் சந்தைப்படுத்தின.

பொறி இருந்தமையால் மட்டும் தமிழ்த் தட்டச்சர் என்னும் பணியினம் உருவாகிவிடவில்லை. அதற்கு அரசின் தேவை வேண்டியிருந்தது. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அத்தேவையைப் படைத்தது. வட்டாட்சியர் அலுவலகம் முதல் தலைமைச் செயலகம் வரை தமிழில் கடிதம் செல்ல வேண்டுமெனில் தமிழில் தட்டச்சு செய்வோர் வேண்டும். அதற்கு ஓராண்டு முன்னர், 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டிக் கோத்ரெஜ் நிறுவனத்தின் உள்நாட்டுத் தட்டச்சுப் பொறி காட்சிக்கு வைக்கப்பட்டது. இறக்குமதியை நம்பியிருந்த கருவி உள்நாட்டுப் பொருளாயிற்று; அதனை இயக்கும் திறன் அரசுத் தேர்வுக்குரிய பாடமாயிற்று.

அத்தேர்வின் அமைப்பை விரிவாக நோக்குவது தகும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஆங்கிலத் தட்டச்சில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் என்பது அளவு. மக்கள் இவற்றை ‘லோயர்’, ‘ஹையர்’ என்றனர். இன்றும் அவ்வாறே கூறுகின்றனர். வேகத்துக்கு ஒரு தாள். கடிதமும் அட்டவணையும் வடிவமைக்க மற்றொரு தாள். பிழைக்கு மதிப்பெண் குறையும். இத்தேர்வில் தேர்வாளரின் ஊரோ, குடும்பமோ, பேசும் ஆங்கிலத்தின் ஒலிப்போ கணக்கில் வாரா. நேர்முகத் தேர்வில் தடுமாறும் முதல் தலைமுறை இளைஞனும் பொறியின் முன் எவருக்கும் இணையானவனே. அளவுகோல் வெளிப்படையானது, பயிற்சிக்கான செலவு சிறியது, தேர்ச்சி பெற்றால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவட்டையில் கூடுதல் தகுதியாக ஏறும்.

பணியில் சேர்ந்தபின் நிகழ்ந்தது அதனினும் முதன்மையானது. தட்டச்சர் வெறும் விரல்களாக நெடுங்காலம் இருப்பதில்லை. பிறர் எழுதிய வரைவைத் தூய நகலாக்கும் பணி, அலுவலக நடைமுறையைக் கற்பிக்கும் பள்ளியாக இருந்தது. எந்தக் கோப்புக்கு எந்த விதி, எந்த அதிகாரிக்கு எவ்வகை விளி, மறுப்பை எவ்வாறு பணிவாக எழுதுவது என்பனவெல்லாம் படியெடுக்கும்போதே கைவந்தன. தமிழ்நாடு அமைச்சுப் பணியில் இளநிலை உதவியாளரைப் போலவே தட்டச்சரும் சுருக்கெழுத்துத் தட்டச்சரும் உதவியாளர் பதவிக்கு உயரும் வரிசையில் உள்ளனர். உதவியாளரிலிருந்து கண்காணிப்பாளர், அதற்கு மேலும் வழியுண்டு. கடைநிலைப் பணி ஒரே நேரத்தில் உழைப்பாகவும் பயிற்சியாகவும் இருந்தது. இக்கட்டுரையில் ‘நுழைவுப்படி’ எனக் குறிக்கப்படுவது இதுவே. 1989இல் மாநில அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டபோது, பயிலகங்களில் முன்னரே தகுதி பெற்றிருந்த பெண்களுக்கு இப்படி ஆயத்தமாகக் காத்திருந்தது.

பேரேட்டிலிருந்து கணினிக்கு

கணினியை எதிர்த்த முதற்பெரும் போராட்டம் காப்பீட்டுத் துறையில் நிகழ்ந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1956இல் உருவானது. அடுத்த பத்தாண்டுகளில் அது கணினிகளைக் கொணர முயன்றபோது அகில இந்தியக் காப்பீட்டு ஊழியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. கல்கத்தாவின் இலாக்கோ ஹவுஸ் கட்டடத்தில் கணினி நிறுவப்படாதவாறு ஊழியர் இரவு பகலாகக் காவல் இருந்தமை தொழிற்சங்க வரலாற்றில் புகழ்பெற்றது. நடுவண் அரசு வி. எம். தாண்டேக்கர் தலைமையில் குழு அமைத்தது. அதன் அறிக்கை 1972இல் வெளிவந்தது. அதே காலத்தில் சென்னையில் கணினி கல்விக்கூடங்களின் வழியே எதிர்ப்பின்றி நுழைந்துகொண்டிருந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் ஐ.பி.எம். 370 கணினி நிறுவப்பட்டது. கல்விக்கூடத்தில் அது அறிவியல் கருவி. அலுவலகத்தில் அது ஆள்குறைப்புக் கருவி. பொறி ஒன்றே எனினும் நின்ற இடம் அதன் பொருளை மாற்றியது.

வங்கிகளின் பாதை வேறு. 1983 செப்டம்பர் 8 அன்று இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே இயந்திரமயம் குறித்த உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டே ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 1984இல் அறிக்கை தரப்பட்டது. பொறிகளுக்கு வரம்பு, அவற்றை இயக்குவோர்க்குத் தனிப்படி, ஊழியர் வெளியேற்றப்படார் என்னும் காப்பு ஆகியன உடன்பாட்டின் உள்ளடக்கம். 1987இலும் 1993இலும் அடுத்தடுத்த உடன்பாடுகள் வரம்புகளைத் தளர்த்தின. ‘ஏ.எல்.பி.எம்.’ எனப்பட்ட மேம்பட்ட பேரேட்டுப் பதிவுப் பொறி கிளைகளில் வைக்கப்பட்டது. அதுவரை மாலை நேரங்களில் பேரேடுகளைச் சமன்செய்யச் சில ரூபாய் வேறுபாட்டைத் தேடி இரவு வரை அமர்ந்திருந்த எழுத்தர்கள், பொறி தானே கூட்டித் தருவதைக் கண்டனர். அவர்களுள் பலர் அதனை விரும்பினர் என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும். எதிர்ப்பு சங்கத்தின் கொள்கையாகவும் விருப்பம் தனியரின் அனுபவமாகவும் ஒரே மேசையில் இருந்தன.

உடன்பாடுகள் தம் வாக்குறுதியைக் காத்தன. பொறியால் எவரும் வெளியேற்றப்படவில்லை. 2000–2001இல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் பணம் பெற்று விலகினர். 2001இல் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்கள் கலைக்கப்பட்டன. எழுத்தர் பணிக்கான பொதுத் தேர்வு வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனத்தின் வழியாக 2011இல்தான் மீண்டும் ஒழுங்குபெற்றது. 1990களின் தொடக்கத்தில் வங்கிப் பணியாளரில் பாதியளவு இருந்த எழுத்தர் பங்கு, முப்பதாண்டுகளுக்குள் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே சென்றது. விலகியோர் விருப்பத்தால் விலகினர். நுழையாதோர் எவரும் விருப்பத்தால் நுழையாமல் இல்லை. 1983இன் உடன்பாட்டில் கையெழுத்திட்ட இரு தரப்பிலும் பதினெட்டு வயது இளைஞனின் சார்பாளர் ஒருவரும் இலர். சங்கத்தைக் குறைகூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. உறுப்பினரைக் காப்பது சங்கத்தின் கடமை, அதனை அது திறம்படச் செய்தது. ஆனால் காப்பின் எல்லை உறுப்பினர் பட்டியலோடு முடிந்தது.

அரசுத் துறையில் வாயிலைச் சுருக்கியதில் பொறியைவிட நிதித்துறையின் பங்கு பெரிது. தமிழ்நாட்டில் 2001 நவம்பரில் விதிக்கப்பட்ட பணியமர்த்தத் தடை 2006 வரை நீடித்தது. அவ்வாண்டுகளில் பயிலகங்களில் ‘ஹையர்’ தேறியோர் வயது வரம்பை நெருங்கினர். அதே ஆண்டுகளில் அலுவலகங்களுக்குள் கணினிகள் வந்து அமர்ந்தன. தடை நீங்கியபோது முன்போன்ற எண்ணிக்கையில் தட்டச்சர் தேவை என்று வாதிடுவது எளிதாக இல்லை. பொறி ஒரு பணியிடத்தை நேரே நீக்குவதில்லை. நிதி நெருக்கடி அதனை வெறுமையாக்குகிறது. பின்னர், அது வெறுமையாகவே இருக்கலாம் என்பதற்குப் பொறி சான்றாக நிறுத்தப்படுகிறது. இவ்வரிசை மாறாமல் திரும்பத் திரும்ப நிகழ்வதை ஆய்வாளர் கருத்திற்கொள்ள வேண்டும்.

விசைப்பலகை மாற்றமும் சான்றிதழின் நீட்சியும்

1997இல் தமிழ்நாடு தனக்கெனத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகை அதன் பயன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம், மிகுதியாக வரும் எழுத்துகள் நடுவரிசையில் என்பது அதன் அமைப்பு. 2000 சூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இம்மூன்றும் நிகழ்ந்தபோது ஆட்சியிலிருந்தவர் கோபாலபுரத்தில் வாழ்ந்த முதலமைச்சர். திரைக்கதை முதல் தொண்டர்க்கான மடல் வரை பெரும்பாலும் தம் கையாலேயே எழுதியவர். தமிழ்க் கணினி வரலாற்றில் இஃது ஒரு சுவையான முரண்.

புதிய விசைப்பலகை கற்போர்க்கு எளிது. பழைய பொறியில் விரல் பழகியோர்க்கு அன்று. தட்டச்சரின் திறன் விரல்களின் நினைவில் உள்ளது. விசை இடம் மாறினால் பல்லாண்டு உழைப்பு வீணாகும். ஆகவே அரசு அலுவலகங்களில் பழைய தட்டச்சுப் பொறியின் விசை அமைப்போடு இயங்கிய ‘வானவில்’ போன்ற எழுத்துருக்கள் நெடுங்காலம் நிலைத்தன. 2010இல் ஒருங்குறி அரசின் தரமாக அறிவிக்கப்பட்ட பின்னும் பழைய அமைப்பு மறைந்துவிடவில்லை.

சான்றிதழின் வாழ்நாள் இன்னும் நீளமானது. கோத்ரெஜ் நிறுவனம் 2011ஆம் ஆண்டுக்குள் தட்டச்சுப் பொறி உற்பத்தியை நிறுத்திவிட்டது. பொறி செய்வோர் இல்லாத உலகில் பொறித் தேர்வு தொடர்ந்தது. ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு பருவத்திலும் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் தேர்வாக. கணினி வந்தபோது தேர்வு நீக்கப்படவில்லை; ‘அலுவலகத் தானியக்கக் கணினிச் சான்றிதழ்’ என்னும் மற்றொரு தேர்வு சேர்க்கப்பட்டது. தட்டச்சர் பணிக்கு விண்ணப்பிப்போர் இன்று தமிழ்த் தட்டச்சு, ஆங்கிலத் தட்டச்சு, கணினி என மூன்று சான்றிதழ்களைச் சேர்க்கின்றனர். பணி சுருங்கச் சுருங்க அதற்கான தகுதிச் சுமை ஏறியது. 2024ஆம் ஆண்டின் தொகுதி நான்குத் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் 20 இலட்சத்துக்கும் மேல். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவே நுழைவுப்படியின் இன்றைய நிலை.

செயற்கை நுண்ணறிவும் முதற்படியும்

இப்பின்னணியில் செயற்கை நுண்ணறிவை நோக்கினால், அது முதலில் தொடும் பணிகள் யாவை என்பது தெளிவாகும். சொல்வதைக் கேட்டு எழுதுதல், ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல், வரைவு எழுதுதல், எழுதியதைச் சரிபார்த்தல் ஆகியன முன்னணியில் உள்ளன. சுருக்கெழுத்தாளரும் தட்டச்சரும் இளநிலை உதவியாளரும் செய்துவந்த பணிகளின் பட்டியலும் ஏறக்குறைய இதுவே.

நீதித்துறையில் இம்மாற்றம் வெளிப்படையாகத் தெரிகிறது. உச்ச நீதிமன்றம் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்ப்பதற்கான ‘சுவாஸ்’ மென்பொருளை 2019இல் அறிமுகப்படுத்தியது. 2023 பிப்ரவரியில் அரசமைப்பு அமர்வின் விசாரணையை உடனுக்குடன் எழுத்தாக்கும் முறையைத் தொடங்கியது. கேரள உயர் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சியங்களைப் பதிவுசெய்யப் பேச்சறி மென்பொருளை 2025 நவம்பர் முதல் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு சூலையில் வெளியிட்ட கொள்கையில், தீர்ப்பு முடிவுகளுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாகாது என்றும் விதித்தது. முடிவெடுக்கும் பணி மனிதர்க்கு ஒதுக்கப்பட்டது. படியெடுக்கும் பணி பொறிக்குச் சென்றது. பகுப்பு அறிவுடையதே. ஆனால் படியெடுத்தே முடிவெடுக்கக் கற்றவர்களின் வரலாறு இப்பகுப்பில் இடம்பெறவில்லை.

சென்னை இப்பொறிகளின் நுகர்விடம் மட்டும் அன்று. பிறப்பிடங்களுள் ஒன்றும் ஆகும். இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு, பேச்சறிதல் ஆகியவற்றை உருவாக்கும் ‘ஏ.ஐ.4பாரத்’ ஆய்வகம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்குகிறது. அதற்கான நிலேகனி மையம் 2022 சூலையில் திறக்கப்பட்டது. இவ்வகைப் பொறிக்கு வேண்டிய தரவை மொழிபெயர்ப்பாளரும் பேச்சுப் பதிவு தருவோரும் கையால் உருவாக்குகின்றனர். அக்கழகத்தின் ஆதரவோடு தொடங்கிய ‘தேசிகுரூ’ போன்ற ஊரக நிறுவனங்கள், சிற்றூர்ப் பட்டதாரிகளைக் கொண்டு தரவுப் பணி செய்கின்றன. படங்களுக்கும் ஒலிக்கும் பெயர்ச்சீட்டு இடும் இவ்வகைப் பணி, பழைய தட்டச்சுப் பணியின் இன்றைய உறவினர் எனலாம். வேகமும் பிழையின்மையும் இங்கும் அளக்கப்படுகின்றன. ஆனால் இதற்கென அரசுத் தேர்வு இல்லை. ஓரிடத்தில் பெற்ற திறனை மற்றோரிடத்தில் காட்டப் பொதுச் சான்றிதழ் இல்லை. பெயர்ச்சீட்டிடுபவரை உதவியாளராகவும் கண்காணிப்பாளராகவும் உயர்த்தும் பணிவிதியும் இல்லை.

தனியார் மென்பொருள் துறையின் எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2023–24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்போசிஸ், விப்ரோ ஆகிய மூன்றின் பணியாளர் தொகை மொத்தத்தில் 63,000க்கும் மேல் குறைந்தது. இதனைச் செயற்கை நுண்ணறிவின் கணக்கில் எழுதுவது பிழை. அயல்நாட்டுத் தேவை தளர்ந்ததே முதன்மைக் காரணம். 2025 சூலையில் டி.சி.எஸ். தன் பணியாளரில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேர் அளவில், விடுவிக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு காரணமன்று, திறன் பொருந்தாமையே காரணம் என விளக்கமும் தந்தது. முற்பகுதியில் கூறிய வரிசை இங்கே நினைவுக்கு வரும். தேவைத் தளர்ச்சியால் வெறுமையான இடம், பின்னர்ப் பொறியால் வெறுமையாகவே இருத்தல் கூடும். காரணத்தை ஒற்றைச் சொல்லில் கூறும் அறிக்கைகள், எத்தரப்பினுடையவை ஆயினும், வரலாற்றாசிரியனுக்குப் போதா.

அயல்நாட்டுச் சான்று ஒன்று இக்கருதுகோளுக்கு வலுச்சேர்க்கிறது. அமெரிக்க ஊதியப் பதிவுகளைக் கொண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் எரிக் பிரின்யோல்ப்சன் குழுவினர் 2025 ஆகத்தில் வெளியிட்ட ஆய்வு, செயற்கை நுண்ணறிவு மிகுதியாகத் தொடும் தொழில்களில் 22 முதல் 25 வயதினரின் வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் 13 விழுக்காடு வீழ்ந்ததைக் காட்டியது. அதே தொழில்களில் அனுபவம் மிக்கோரின் நிலை பெரிதும் குன்றவில்லை. அங்கே வங்கி உடன்பாடு போன்ற காப்பு எதுவும் இல்லை. இருந்தும் சுமை விழுந்த இடம் வாயிலே. சங்கம் இருந்த நாட்டிலும் இல்லாத நாட்டிலும் ஒரே இடத்தில் விழுமெனில், பணியமர்த்தத்தின் இயல்பிலேயே அதற்குக் காரணம் இருத்தல் வேண்டும்: உள்ளிருப்பவரை நீக்குவதற்கு இழப்பீடும் மனத்தாங்கலும் உண்டு, வெளியிலிருப்பவரை அழைக்காமலிருக்க எச்செலவும் இல்லை.

எதிர்வாதமும் வலுவுடையதே. தட்டச்சுப் பொறியே ஒருகாலத்தில் கையெழுத்துப் படியெழுதுவோரின் இடத்தைப் பிடித்தது. அழித்ததைக் காட்டிலும் மிகுதியான பணிகளை அது படைத்தது. டைடல் பூங்காவின் பின் பழைய மாமல்லபுரம் சாலையில் தோன்றிய வேலைகளை, 1983இன் உடன்பாட்டு மேசையில் இருந்த எவரும் கற்பனை செய்திருக்க இயலாது. இவ்வாதத்தை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டைச் சுட்ட வேண்டும். தட்டச்சுப் பொறி தன்னை இயக்க ஒருவரைக் கேட்டது. அந்த ஒருவர் ஆறு திங்கள் பயிற்சியில் உருவானார். டைடல் பூங்காவின் வேலை நான்காண்டுப் பொறியியற் பட்டத்தைக் கேட்டது. மயிலாப்பூர்ப் பயிலகத்தில் ‘ஹையர்’ தேறிய பெண்ணை அது அழைக்கவில்லை. வேலைகளின் மொத்தத் தொகை வளர்ந்தபோதும் வாயில் இடம் பெயர்ந்தது. நின்றிருந்தோர் அங்கேயே விடப்பட்டனர். இன்று அப்பொறியியற் பட்டதாரியின் முதலிரண்டு ஆண்டுப் பணிகள், அதாவது சோதனை செய்தல், சிறு பிழை திருத்தல், ஆவணம் எழுதுதல் ஆகியன, பொறியிடம் செல்கின்றன.

திறனைச் சான்றிதழிலிருந்து விடுவிக்கும் முயற்சிகளும் தமிழ்நாட்டில் உண்டு. ஜோகோ நிறுவனம் 2000களின் நடுப்பகுதி முதல் பள்ளிப் படிப்போடு நின்ற மாணவரைத் தன் பள்ளியில் ஊதியத்தோடு பயிற்றிப் பணியில் சேர்க்கிறது. பழைய அலுவலகத்தின் ‘பணியே பயிற்சி’ என்னும் முறைக்கு இஃது அணுக்கமானது. அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கி, கல்லூரி மாணவர்க்குத் துறைசார் பயிற்சிகளை அளிக்கிறது. முன்னது எண்ணிக்கையில் சிறியது. பின்னது பெரியது, எனினும் சான்றிதழ் வழங்குவதோடு அதன் எல்லை முடிந்து, பணியமர்த்தம் பிறர் கையில் உள்ளது. மூன்று சான்றிதழ் சேர்த்த தட்டச்சு விண்ணப்பதாரரின் அனுபவம் இங்கும் நிகழாது என்பதற்குக் காப்பு எதுவும் இல்லை.

வாயிலில் நின்றோரைக் கணக்கிடுதல்

தமிழ்நாடு அரசு 2020 செப்டம்பரில் ‘பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை’யை வெளியிட்டது. அரசுத் துறைகள் இத்தகு பொறிகளை ஏற்குமுன் மதிப்பிடுவதற்குரிய பட்டியல் அதில் உண்டு. பன்மை, சமன்மை, அறம், தனியுரிமை, தவறான பயன்பாட்டைத் தடுத்தல், தணிக்கை முதலியன அதன் தலைப்புகள். ஒரு துறை பேச்சறி மென்பொருளை வாங்கும்போது, அத்துறையில் எத்தனை தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் இடங்கள் நிரப்பப்படாமல் விடப்படும் என்பது அத்தலைப்புகளுள் ஒன்றாக இல்லை. இதனைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மதிப்பீட்டுத் தாளில் ஒரு நிரல் போதும்.

கடந்த காலத்தைப் பொறுத்தவரை சான்றுகள் சிதறிக் கிடப்பினும் அழிந்துவிடவில்லை. கிண்டியிலுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், ஒவ்வொரு பருவத்திலும் தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் தேறியோரின் பட்டியலை வெளியிடுகிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கைகளில் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் இடங்களின் எண்ணிக்கை இனவாரியாகத் தரப்படுகிறது. பணியிடங்களை ஒப்படைத்தல், மாற்றியமைத்தல் குறித்த அரசாணைகளும் உள்ளன. பழையவை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலேயே கிடைக்கும். தேறியோர் எத்தனை பேர், அழைக்கப்பட்டோர் எத்தனை பேர் என இவ்விரு வரிசைகளையும் ஆண்டுதோறும் அருகருகே வைத்தால், 1980 முதல் இன்றுவரை தகுதி பெற்றும் நுழையாதோரின் தொகையை ஓரளவேனும் கணக்கிடலாம். மென்பொருள் நிறுவனங்களுக்கு இவ்வகை வரிசை இல்லை. நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் மொத்தப் பணியாளர் தொகையை வெளியிடுகின்றன. அவ்வாண்டு கல்லூரியிலிருந்து நேரே எடுத்தோரின் தொகையைச் சில நிறுவனங்கள் சில ஆண்டுகளில் கூறுகின்றன, சில ஆண்டுகளில் கூறுவதில்லை. கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளிடமே அவ்வெண்கள் உள்ளன. அவற்றை இப்போதே திரட்டத் தொடங்காவிடில், 2023க்குப் பின் பட்டம் பெற்றோரைப் பற்றி எழுதப்போகும் ஆய்வாளர்க்குத் தொகுதி நான்குத் தேர்வின் விண்ணப்ப எண்ணிக்கை ஒன்றே சான்றாக எஞ்சும்.